லோக்கல் சேனலுக்கு என்ன கேமரா வாங்கலாம்னு கேட்ட தம்பிக்கு

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. எங்க தாலுகாவுக்குன்னு ஒரு வீடியோ சேனல் ஆரம்பிக்கறோம், நாலு பேர் இருக்கோம், கையில ரெண்டு லட்சம் இருக்கு, 4கே கேமரா எது வாங்கலாம், ட்ரோன் வேணுமா, ஏஐ வெச்சு நியூஸ் வாசிக்க வைக்கலாமா, 5ஜி தான் வந்துடுச்சே லைவ் இனிமே ஈசிதானேன்னு வரிசையா கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில போற போக்குல ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க, முன்னாடி எங்க ஊர் கேபிள்ல லோக்கல் சேனல் ஓடும்போது எல்லா வீட்லயும் பாத்தாங்க, இப்ப யூட்யூப்ல போட்டா துபாய்லேருந்து பத்து பேர் பாக்கறான் பக்கத்து தெருக்காரன் பாக்க மாட்டேங்கறான்னு. எனக்கு என்னமோ அதான் உங்க கேள்வின்னு தோணுது. கேமராவெல்லாம் அப்புறம். எடுத்த படம் பக்கத்து தெருவுக்கு எப்படி போய் சேரும், அதைத்தான் கேக்கறீங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். கும்பகோணத்துல ஒரு கல்யாண வீடியோ கடையில சன் கன் லைட்டு பிடிக்கற பையனா 1991ல சேர்ந்தேன், அப்புறம் கேமரா, அப்புறம் எடிட்டிங், அப்புறம் பதினோரு வருஷம் ஒரு லோக்கல் கேபிள் சேனலோட கன்ட்ரோல் ரூம், இப்ப தேரோட்டம் கும்பாபிஷேகம் ஸ்கூல் ஆண்டு விழான்னு லைவ் பண்ணிக் குடுக்கறேன். இஞ்சினியரிங் படிக்கல, வக்கீலும் இல்ல, டெல்டாவை தாண்டி பெருசா வேலை பாத்ததும் இல்ல. அதனால இதுல எது என் கையால செஞ்சு பாத்தது, எது என் கணிப்புன்னு அங்கங்க சொல்லிடறேன்.

எங்க ஊர்ல இந்த தொழிலை மகாமகத்தை வெச்சுதான் கணக்கு போடுவோம், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாமே மாறியிருக்கும். 1992 மகாமகம், அதான் கூட்ட நெரிசல்ல நாப்பதுக்கும் மேல உயிர் போச்சே அந்த வருஷம், நாங்க எடுத்தது விஎச்எஸ்ல, தோள்ல தூக்கி வெக்கற பானாசோனிக். கேசட் முடிஞ்சதும் ஒரு பையன் சைக்கிள்ல எடுத்துட்டு ஓடுவான், கேபிள்காரர் வீட்டு மாடியில விசிஆர், விசிஆர்லேருந்து மாடுலேட்டர் (படத்தை டிவி சேனலா மாத்தி ஒயர்ல விடற பெட்டி), மாடுலேட்டர்லேருந்து ஒயர், அவ்வளவுதான். குளத்தங்கரையில எடுத்தது அரை மணி நேரத்துல வீட்டு டிவில ஓடும். படம் மங்கலா இருக்கும், கலர் ஒழுகும், யாரும் அதை கேக்கல. 2004ல மினிடிவிங்கற சின்ன டேப், சோனி பிடி170 கேமரா, ஃபயர்வயர்ங்கற ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி எடியஸ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெட்டுவோம், ஒரு மணி நேர டேப் ஏத்த ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி பிடிக்கும், அப்ப ஹார்ட் டிஸ்க்கே 80 ஜிபிதான். அந்த வருஷம் சேனல்ல ஓட்டினது போக விசிடி போட்டு வெளியூர் ஜனங்களுக்கும் வித்தோம். 2016ல கேனான் டிஎஸ்எல்ஆர், படம் சினிமா மாதிரி இருந்துச்சு, லைவ் பண்றோம்னு மூணு 3ஜி டாங்கிளை வெச்சுக்கிட்டு வடகரை மாடியில உக்காந்தோம், கூட்டம் ஏறினதும் மூணும் செத்துச்சு. நாலு மணி நேர லைவ்ல மொத்தமா பதினஞ்சு நிமிஷம் போயிருந்தா அதிகம். ஜியோ வந்தது அதே வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி, எங்களுக்கு ஆறு மாசம் லேட்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மூணு மகாமகத்துல படம் ஒவ்வொரு தடவையும் நல்லாகிக்கிட்டே போச்சு, ஆனா பக்கத்து தெருவுக்கு போய் சேர்ந்தது 1992ல தான் ரொம்ப சுளுவா. ஏன்னா அன்னிக்கு ஒயர் ஊர்க்காரனோடது. அனலாக் கேபிள்ல நடுவுல எந்த இடத்துல வேணா ஒரு மாடுலேட்டரை செருகி காலியா இருக்கற சேனல்ல உங்க படத்தை விட்டுடலாம், எந்த டிவியும் எடுக்கும், பாக்ஸ் கிடையாது. டிஜிட்டல் ஆனப்புறம் அது நடக்காது, எம்எஸ்ஓன்னு பல ஊர் கேபிள்காரங்களுக்கு சிக்னல் குடுக்கற பெரிய கம்பெனி, சேனல் எல்லாத்தையும் தன்னோட ஹெட்எண்ட்ல, அதாவது சிக்னல் சேர்த்து அனுப்பற மையத்துல, என்க்ரிப்ட் பண்ணி பூட்டு போட்டு அனுப்பறான், செட்டாப் பாக்ஸ் அவன் லிஸ்ட்ல இருக்கறதைத்தான் காட்டும், தெருவுல ஒயர் இழுக்கற கேபிள்காரர் நடுவுல ஒண்ணும் செருக முடியாது. கேபிள் டிஜிட்டலாகணும்னு சட்டம் 2011ல திருத்தினாங்க, கடைசியான நாலாவது கட்டத்துக்கு கெடு 2017 மார்ச் 31, நம்ம அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் கெடைச்சது அடுத்த மாசம் ஏப்ரல்ல. எனக்கு தெரிஞ்சு எங்க பக்கம் சின்ன சேனல்கள் பாதிக்கு மேல அந்த ரெண்டு மூணு வருஷத்துல மூடிட்டாங்க, உங்க ஊர் சேனலும் அப்படித்தான் போயிருக்கும். யூட்யூப் வந்து கொன்னுச்சுன்னு சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், யூட்யூப் 2005லேருந்து இருக்கு. ஒயரு கை மாறினதுதான் காரணம்.

கேபிள் வழி மொத்தமா அடைஞ்சு போச்சான்னா இல்ல. 2022 நவம்பர்ல ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, எம்எஸ்ஓ தன்னோட சொந்த சேனலா லோக்கல் சேனலை ஓட்டலாம், பிளாட்ஃபார்ம் சர்வீஸ்னு பேரு, ஒரு சேனலுக்கு பதிவுக் கட்டணம் 1000 ரூபா, மொத்த சேனல் கொள்ளளவுல 5 சதவீதம் வரைக்கும், ஓட்டினதை 90 நாள் ரெக்கார்டிங்கா வெச்சிருக்கணும், லோக்கல் நியூஸ் போடணும்னா கம்பெனியா பதிவு பண்ணியிருக்கணும். பதிவு பண்றது எம்எஸ்ஓ, நீங்க இல்ல. அதனால உங்க நாலு பேருக்கு இதுல வழின்னா உங்க தாலுகாவுக்கு சிக்னல் குடுக்கற எம்எஸ்ஓகிட்ட போய் பேசணும், ஸ்லாட்டுக்கு காசு கேப்பான், ஃபீடை அவன் ஹெட்எண்ட் வரைக்கும் கொண்டு போய் சேர்க்கற செலவும் உங்க தலைல தான் விழும். ரெண்டு லட்சத்துல முதல் வருஷமே இதுல இறங்காதீங்கன்னு சொல்வேன், இது என் கணிப்புதான், உங்க ஊர் எம்எஸ்ஓ நல்ல மனுஷனா இருந்தா கணக்கு மாறும்.

சும்மா ஒரு விஷயம், ஊருக்குன்னு டிவிங்கறது இந்தியாவுக்கு புதுசு இல்ல. குஜராத் கேடா ஜில்லாவுல பிஜ்னு ஒரு கிராமம், 1975ல அங்க ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டரை வெச்சு சுத்துப்பட்டு கிராமங்களுக்குன்னே நிகழ்ச்சி பண்ணாங்க, கிராமத்து ஜனங்களே நடிச்சு, அவங்க பிரச்சனையை அவங்களே பேசி. யுனெஸ்கோ பரிசெல்லாம் வாங்கிச்சு, பத்து வருஷத்துல மூடிட்டாங்க. படம் எடுக்க தெரியாம மூடல, ட்ரான்ஸ்மிட்டர் யார் கையில இருக்கோ அவங்க நெனைச்சா மூடலாம், அவ்வளவுதான். யூட்யூப்ல போடும்போதும் இதை மனசுல வெச்சுக்கங்க.

இப்ப யூட்யூப் கணக்கு. காசு வரணும்னா 1000 சப்ஸ்க்ரைபர், ஒரு வருஷத்துல 4000 மணி நேரம் பாத்திருக்கணும். 4000 மணின்னா 2,40,000 நிமிஷம். உங்க தாலுகாவுல 5000 பேர் நெசமாவே பாக்கறாங்கன்னு வெச்சுக்குவோம், ஆளுக்கு வருஷத்துக்கு 48 நிமிஷம் பாத்தா போதும். கேக்க சுலபமா இருக்கு, கஷ்டமும் இல்ல, ஆனா அந்த 5000 பேர் பாக்கறதுக்கு வர்ற விளம்பரக் காசு நாலு பேர் டீ செலவுக்கு ஆகும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஏன்னா அந்த தளத்தோட கணக்கே கோடிக்கு போடற கணக்கு. எல்லாரும் புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்து சமையல் சேனலை உதாரணம் காட்டுவாங்க, 2018ல ஆரம்பிச்சு 2021ல ஒரு கோடி சப்ஸ்க்ரைபர் தொட்ட முதல் தமிழ் சேனல், வில்லேஜ் குக்கிங். அருமையான வேலை, நானும் பாப்பேன். ஆனா அது லோக்கல் வீடியோ இல்ல, ஒரு ஊர்ல உக்காந்து உலகத்துக்கு எடுக்கற வீடியோ. உங்களோடது நேர் எதிர், உங்க மூணாவது வார்டு தண்ணி லாரி வரலைங்கறது மதுரைக்காரனுக்கு எதுக்கு? ரெண்டையும் ஒரே அளவுகோல்ல அளந்தா மனசு விட்டுப் போயிடும், ஆறு மாசத்துல சினிமா கிசுகிசு போட ஆரம்பிச்சுடுவீங்க, அப்படி போன பசங்களை நிறைய பாத்திருக்கேன்.

பழைய சேனல்ல எங்களுக்கு காசு வந்ததே வேற இடத்துலேருந்து. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, டியூஷன் சென்டர், பொறந்த நாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி ஸ்க்ரோல். அது இன்னும் இருக்கு, கடைக்காரங்க எங்கயும் போயிடல. அவங்களுக்கு வேண்டியது பத்து லட்சம் வியூ இல்ல, அந்த கடைத்தெருவுக்கு நடந்து வரக்கூடிய ரெண்டாயிரம் பேர். அதை நீங்க நேரா போய் வித்துக்கணும், நடுவுல எந்த தளமும் அதை உங்களுக்காக விக்காது.

பக்கத்து தெருவுக்கு கொண்டு போறதுக்கு எங்களுக்கு வேலை செஞ்சதை சொல்றேன். முதல்ல கேபிள்காரர். அவர் தொழில் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, இப்ப முக்காவாசி பேர் அதே கம்பத்துல ஃபைபர் இழுத்து நெட் கனெக்ஷன் குடுக்கறாங்க, தெருவுல ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போற ஆள் அவர் ஒருத்தர்தான். புது கனெக்ஷன் குடுக்கும்போது, இல்ல ரிப்பேருக்கு போகும்போது, அந்த வீட்டு ஆண்ட்ராய்டு டிவியில உங்க சேனலை ரிமோட்ல தேடி சப்ஸ்க்ரைப் போட்டு பெரியவங்களுக்கு எப்படி வர்றதுன்னு ரெண்டு தடவை காட்டிட்டு வரச் சொல்லுங்க, அதுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு குடுங்க. ஃபோன்ல பாக்காத தாத்தா பாட்டி டிவில மணிக்கணக்கா பாப்பாங்க, லோக்கல் சேனலோட ஆளுங்களே அவங்கதான். ரெண்டாவது வாட்ஸ்அப், ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், நிமிர்ந்த படமா வெட்டி, முதல் வரியிலயே தெரு பேரை போட்டு, மூலையில சேனல் பேரை போட்டு அனுப்புங்க. சேனல் பேரு இல்லன்னா மறுநாள் வேற எவனோ பேர்ல உங்களுக்கே ஃபார்வேர்டு வரும். மூணாவது, சிரிப்பீங்க, திரை கட்டறது. திருவிழா எடுத்தா மறுநாள் சாயங்காலம் அதே தெருவுல ஒரு ப்ரொஜெக்டரோ எல்இடி வாலோ போட்டு நாப்பது நிமிஷம் ஓட்டுங்க, தன் முகத்தை பாக்க சுத்துப்பட்டு எல்லாம் வந்து உக்காரும், அங்கயே க்யூஆர் கோடு ஒட்டுங்க. பெங்களூர்ல ஆரம்பிச்ச டிஜிட்டல் கிரீன்னு ஒரு அமைப்பு, விவசாயிங்களை வெச்சே விவசாய வீடியோ எடுத்து பேட்டரில ஓடற கையடக்க ப்ரொஜெக்டர்ல கிராமம் கிராமமா இதையேதான் பண்ணாங்க, கரண்டு நெட் ரெண்டும் இல்லாத இடத்துல கூட.

லைவ் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், அங்கதான் எல்லாரும் அடி வாங்கறது. 5ஜி வந்துடுச்சேன்னு கேட்டீங்க. நம்மூர்ல 5ஜியோட முக்கிய பேண்டும் 4ஜியில சில பேண்டும் ஒரே அலைவரிசையை நேரம் நேரமா பிரிச்சு டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் குடுக்கறாங்க, அதுல பெரும்பங்கு டவுன்லோடுக்கு, ஏன்னா ஜனங்க பாக்கறதுதான் அதிகம். ஸ்பீடு டெஸ்ட்ல 300 காட்டுதுன்னு குதிக்காதீங்க, கீழ அப்லோடு எவ்வளவுன்னு பாருங்க. அதுவும் தேர் நிலையை விட்டு கிளம்பற அந்த பத்து நிமிஷம் இருக்கே, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல ஸ்டேட்டஸ் போடுவான், அந்த சின்னப் பங்குலதான் எல்லாரும் முட்டி மோதணும். 1080 லைவுக்கு 5 எம்பிபிஎஸ் வெச்சா மணிக்கு 2.25 ஜிபி, டேட்டா பிரச்சனையே இல்ல, அந்த 5 விடாம தொடர்ந்து கெடைக்கறதுதான் பிரச்சனை. என் அனுபவத்துல கூட்டம் கூடற இடத்துல சிம்மை நம்பாதீங்க, ஒயரை நம்புங்க. தேர் வீதியில ஏதாவது ஒரு கடையில ஃபைபர் கனெக்ஷன் இருக்கும், ஒரு நாளைக்கு கேட்டு வாங்கிக்கங்க, பதிலுக்கு கடை பேரை ஸ்க்ரோல்ல ஓட்டுங்க. நெட் கேபிள் 100 மீட்டர் வரைக்கும்தான் சரியா போகும், அதுக்கு மேலன்னா மொட்டை மாடியிலேருந்து மொட்டை மாடிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி வெச்சு அடிக்கலாம், கேபிள்காரர்கிட்டயே பழசு கெடக்கும். ரெண்டு மூணு கம்பெனி சிம்மை ஒண்ணா சேர்த்து ஒரே லைனாக்கற பாண்டிங்னு ஒண்ணு இருக்கு, டிவி நியூஸ்காரங்க முதுகுல மாட்டிட்டு போற பை அதுதான், அது விலை நமக்கு எட்டாது, ஆப்ல பண்ற சின்ன வகை இருக்கு, நடந்துக்கிட்டே எடுக்க பரவாயில்ல. ஆனா எல்லா கம்பெனி டவரும் ஒரே கூட்டத்துல திணறும்போது நாலு செத்த மாட்டை ஒரே வண்டியில கட்டின கதைதான்.

எடுக்கற இடத்துலேருந்து கன்ட்ரோல் ரூமுக்கு நெட் வழியா வீடியோ அனுப்ப ஆர்டிஎம்பின்னு ஒரு பழைய முறை இருக்கு, அதுக்கு பதிலா எஸ்ஆர்டிங்கற முறையை பாருங்க, 2017லேருந்து ஓப்பன் சோர்ஸ். ஆர்டிஎம்பியில ஒரு பாக்கெட், அதாவது டேட்டா துண்டு, வழியில தொலைஞ்சா அது வர்ற வரைக்கும் பின்னாடி வர்றதெல்லாம் வரிசையில நிக்கும், படம் உறையும். எஸ்ஆர்டியில ஒரு சின்ன கெடு குடுப்பீங்க, அதுக்குள்ள தொலைஞ்சதை மறுபடி கேட்டு வாங்கும், கெடு தாண்டிட்டா விட்டுட்டு மேல போயிடும். ஃபோன்ல லாரிக்ஸ் ஆப், வீட்டு கம்ப்யூட்டர்ல ஓபிஎஸ்ங்கற லைவ் சாஃப்ட்வேர், ரெண்டுமே இதை எடுக்கும், ரெண்டுக்கும் தொடங்க காசு வேண்டாம். ஒரு சிக்கல், நம்ம வீட்டு நெட்டுக்கு பெரும்பாலும் சொந்த ஐபி, அதாவது நெட் முகவரி, இருக்காது, நூறு வீட்டுக்கு ஒண்ணை பங்கு போட்டு குடுத்திருப்பான், வெளியிலேருந்து உள்ள வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபின்னு மாறாத சொந்த முகவரி கேட்டு வாங்கணும், இல்ல நடுவுல மாச வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுக்கணும். இந்த ஒரு விஷயத்துக்கு நான் ரெண்டு வாரம் முழிச்சேன். இன்னொண்ணு, யூட்யூப்ல முதல் தடவை லைவ் ஆன் பண்ணா திறக்க 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், ஃபோன்லேருந்து நேரா போகணும்னா 50 சப்ஸ்க்ரைபராவது வேணும், 12 மணி நேரத்துக்கு மேல ஒரே லைவா விட்டா பதிவு தங்காது. தேர் அன்னிக்கு காலைல போய் ஆன் பண்ணாதீங்க.

கேமராவுக்கு இப்ப வர்றேன், சீக்கிரம் முடிச்சிடறேன். வாங்காதீங்க. நாலு பேர்கிட்ட இருக்கற ஃபோன்ல ரெண்டு ஃபோனாவது நல்லா இருக்கும், அது போதும். செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ன்னு மேனுவலா பூட்டற ஆப் போட்டுக்கங்க, ஃபோன் தானா 30ல எடுக்கும், நம்மூர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ரெண்டும் ஒத்துப் போகாம ட்யூப் லைட்டும் சீரியல் செட்டும் அலை அலையா ஆடும். அப்புறம் ஃபோன் ஃப்ரேமை கூட்டி கொறைச்சு எடுக்கற வழக்கம் இருக்கு, அரை மணி நேர பேச்சுல உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போயிடும், எடிட்டுக்கு முன்னாடி ஒரே ஃப்ரேமுக்கு மாத்திக்கங்க. 4கே வேண்டாம், ஐஃபோன் கணக்குப்படி 1080 நிமிஷத்துக்கு 60 எம்பி, 4கே 170, பாக்கறவன் ஆறு இஞ்சுல பாக்கறான்.

காசை சத்தத்துல போடுங்க. மங்கலான படத்தை ஜனங்க பாத்துடுவாங்க, 1992ல பாத்தாங்களே, சத்தம் சரியில்லன்னா ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க. சட்டையில மாட்டற ஒயர்லெஸ் மைக் இப்ப சல்லிசு, ஆனா நிறைய மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, கூட்டத்துல எல்லார் பையிலயும் இருக்கற ப்ளூடூத்தும் வைஃபையும் அதே இடம்தான், நடுவுல நடுவுல முழுங்கும். மேடை நிகழ்ச்சின்னா மைக் செட் அண்ணனை முன்னாடியே போய் பாத்து டீ வாங்கிக் குடுத்து மிக்சர்லேருந்து ஒரு லைன் அவுட், அதாவது சத்தம் நேரா வெளிய வர்ற ஒயர், கேட்டு வாங்குங்க. லைன் அவுட்டை நேரா ஃபோன் மைக் துவாரத்துல சொருகினா சத்தம் கிழியும், நடுவுல சிக்னலை கொறைக்கற அட்டென்யூவேட்டர் வேணும், உறுமல் கேட்டா ரெண்டு பக்க கரண்டு தொடர்பை பிரிக்கற ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். தயவு செஞ்சு ஹார்ன் ஸ்பீக்கருக்கு போற ஒயரை வெட்டி எடுக்காதீங்க, அதுல 100 வோல்ட் வரை ஓடும், நான் ஒரு நாச்சியார்கோயில் கச்சேரியில அவசரத்துல அதை பண்ணி ரெக்கார்டரை அங்கயே எரிச்சிட்டேன், வித்வான் ஒரு செகண்டு நிறுத்தி என்னை பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. லைன் அவுட் கூடவே ஒரு மைக்கை ஜனங்க பக்கம் திருப்பி வைங்க, இல்லன்னா கச்சேரி ஏதோ டப்பாக்குள்ள நடக்கற மாதிரி இருக்கும்.

சத்தத்துல இன்னொரு கண்ணி, பாட்டு. ஆடி மாசம் ஸ்பீக்கர்ல ஓடற அம்மன் பாட்டு உங்க லைவ்ல விழுந்தா யூட்யூப் மெஷின் கண்டுபிடிச்சு லைவையே மறைச்சுட வாய்ப்பு இருக்கு, எனக்கே நடந்திருக்கு. காப்பிரைட் சட்டத்துல மத சடங்குலயும் கல்யாண ஊர்வலத்துலயும் பாட்டு போடறதுக்கு விலக்கு இருக்கு, பிரிவு 52ல, ஆனா அது அங்க வாசிக்கறதுக்கு. அதை படம் பிடிச்சு நெட்ல ஏத்தறதுக்கும் செல்லுமாங்கறது வக்கீல்கிட்ட கேக்க வேண்டிய விஷயம், மெஷின்கிட்ட சட்டம் பேசி லைவ் நடுவுல ஒண்ணும் ஆகாது. கோயிலுக்குள்ள எடுக்க செயல் அலுவலர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் கோயில்ல செல்ஃபோனுக்கு தடை போடச் சொன்னப்புறம் வாய் வார்த்தை எடுபடறதில்ல.

ட்ரோன், வருஷத்துல நாலு நாள் தேவைப்படும், அன்னிக்கு வாடகைக்கு கூப்பிடுங்க. 250 கிராமுக்கு மேல இருந்தா காசு வாங்கிட்டு பறக்க விடறதுக்கு 2021 விதிப்படி பைலட் சான்றிதழ் வேணும், அந்த தலைவலி அவரோடதா இருக்கட்டும். ஏஐ நியூஸ் வாசிப்பாளர் வேண்டாம்னு சொல்வேன், இது முழுக்க என் ருசி. உங்க ஊர்க்காரங்களுக்கு வேண்டியது மேலத்தெரு ராணி டீச்சர் பொண்ணு திக்கித் திணறி வாசிக்கறது, மெஷின் மூஞ்சியை பாக்க சென்னை சேனல் இருக்கு. ஆனா ஏஐல ஒண்ணு நெஜமா உபயோகம், பேச்சை எழுத்தாக்கறது. விஸ்பர்னு ஓப்பனா கெடைக்குது, ஐஐடி மெட்ராஸ்ல ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குன்னே பண்ணிட்டிருக்காங்க. கவுன்சிலர் மேடைல பேசற தமிழை ஓரளவு எடுக்குது, எங்க வயக்காட்டு பேச்சுல பாதியை கந்தரகோளம் பண்ணிடுது, அப்படியே சப்டைட்டிலா போட முடியாது. தேடறதுக்கு போதும், நூறு மணி நேர வீடியோல பாலம் பத்தி எங்க பேசினாங்கன்னு கண்டுபிடிக்க. டைரக்ட் டு மொபைல்னு நெட் இல்லாம ஃபோனுக்கு டிவி வரும்னு பேப்பர்ல போடறாங்களே, பிரசார் பாரதி, ஐஐடி கான்பூர், சாங்க்யா லேப்ஸ் சேர்ந்து சோதனை பண்ணது, அதுக்கு ஃபோன்ல தனி சிப் வேணும், டவர் அவங்களோடது, தாலுகா சேனலுக்கு அதுல இடம் குடுப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. பியர்ட்யூப் மாதிரி நாமளே நடத்தற வீடியோ தளம் இருக்கு, 2018லேருந்து, நல்ல சாஃப்ட்வேர், ஆனா ஜனங்க அங்க தேடி வர மாட்டாங்க. நாளைக்கு யூட்யூப் கணக்கு போனா கையில ஒரு காப்பி இருக்கணும்னு வெச்சுக்கறதுக்கு சரி.

காப்பின்னதும் ஞாபகம் வருது, இதை யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களும் கேக்கல. 2016ல ஒரு அம்மா வந்து 1992 மகாமகத்துல எங்கப்பா குளத்துல இறங்கறதை நீங்க எடுத்தீங்க, அதுக்கப்புறம் அவர் படம்னு வேற எதுவும் இல்லன்னாங்க. கேசட் இருந்துச்சு, வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிச்சு. நாள் முழுக்க துடைச்சு துடைச்சு ஓட்டி பதினோரு செகண்டு எடுத்துக் குடுத்தேன். 2004 மினிடிவி டேப் எல்லாம் நல்லா இருக்கு, ஓட்டற மெஷினும் ஃபயர்வயர் இருக்கற கம்ப்யூட்டரும்தான் அருகிப் போச்சு, ஆப்பிள்காரன் 2025ல புது மேக் ஓஎஸ்லேருந்து ஃபயர்வயரையே எடுத்துட்டான். 2016ல ஒஸ்தியா எடுத்தது ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு, அது ஒரு நாள் டிக் டிக்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு, எங்ககிட்ட மிச்சம் இருக்கறது ஃபேஸ்புக்ல போட்ட மூணு துண்டு. அதனால முதல் நாள்லேருந்து ரெண்டு டிஸ்க், ரெண்டும் வேற வேற வீட்ல, ஃபைல் பேர்ல தேதி தெரு ஆள் பேரு. அஞ்சு வருஷம் கழிச்சு உங்க சேனல்ல காசாகற சரக்கு அதுவாத்தான் இருக்கும், எங்க கடைக்கு இப்ப வர்ற கேள்வியில பாதி பழைய படம் கேட்டுதான்.

ரெண்டு லட்சத்தை நான் பிரிச்சா, கேமராவுக்கு ஸ்டாண்டும் ஃபோன் கிளாம்பும் மட்டும், நாலு எச்டிஎம்ஐ போடற ஏடிஎம் மினி மாதிரி ஒரு ஸ்விட்சர் (லைவ்ல ஒரு கேமராலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தற பெட்டி) முப்பதாயிரம் சுமாருக்கு, மைக் ஒயர் அட்டென்யூவேட்டர்னு சத்தத்துக்கு நாப்பது, பழைய கேமிங் கம்ப்யூட்டர் ஒண்ணு ஐம்பதுக்குள்ள, யூபிஎஸ், ரெண்டு டிஸ்க், ரேடியோ ஜோடி. மிச்சம் அம்பதாயிரமாவது தொடாம வைங்க, அது கேபிள்காரருக்கும் திரைக்கும். விலையெல்லாம் நான் கடைசியா வாங்கினப்ப இருந்தது, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு தடவை விசாரிச்சுக்கங்க. உங்க எம்எஸ்ஓ யாரு, தேர் வீதியில ஃபைபர் போகுதா, இந்த ரெண்டையும் எழுதினீங்கன்னா இன்னும் குறிப்பா சொல்வேன். லைன் அவுட் எடுக்கற ஒயரிங் பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து ராத்திரி போடறேன்.